சாண்டா ஃபே, 1985: இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைக் கழித்தால் மிஞ்சுவது என்ன?

ஒரே பாட்டை ஒரே நேரத்தில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்குள் அனுப்புங்கள். ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழியுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே வேலையைச் செய்தால் மிஞ்சுவது நிசப்தம். எங்கேனும் பிசகினால் அந்தப் பிசகு மட்டும் ஸ்பீக்கரில் கேட்கும்: சில சமயம் வெறும் ‘ஸ்ஸ்’ என்று, சில சமயம் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவது போல.

பாப் கார்வர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1985இல் இந்தக் கழித்தல் கணக்கை நம்பி ஒரு பந்தயத்தில் இறங்கினார். ஆம்ப்ளிஃபயர்களின் ஒலி வேறுபாடு காதுக்குத் தெரியுமா, அப்படித் தெரிந்தால் அதற்குக் காரணம் டிஸ்டார்ஷன்தானா, அதாவது ஆம்ப் தானாகச் சேர்த்துவிடும் ஒலித் திரிபுதானா என்ற சண்டையில் இத்தனை தூரம் பேசப்பட்ட நிகழ்வு வேறு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். பேசியவர்களில் பாதிப் பேர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆட்களை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறேன். ஜே. கார்டன் ஹோல்ட் 1962இல் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையைத் தொடங்கியவர். ஆம்ப்ளிஃபயரை மீட்டரில் அளந்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து கேட்டு, கேட்டதை எழுத வேண்டும் என்ற விமர்சன மரபே அவரிடமிருந்துதான் கிளம்பியது. எதிர் முகாமில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகையின் ஜூலியன் ஹிர்ஷ். அளவுகள் சரியாக இருக்கும் இரண்டு ஆம்ப்கள், அவற்றின் வரம்புக்குள் ஓடும்வரை, ஒரே மாதிரிதான் ஒலிக்கும் என்பது ஹிர்ஷின் கட்சி. கார்வர் இரண்டு முகாமிலும் முழுசாக உட்காராத ஆள். ஃபேஸ் லீனியர் நிறுவனத்தில், சேனலுக்கு 350 வாட் தரும் ஆம்ப்ளிஃபயரைச் செய்து வாங்கக்கூடிய விலைக்கு விற்றுப் பெயர் எடுத்தவர். பிறகு தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். விளம்பரம் செய்யக் கூச்சப்படாதவர்.

அவர் விட்ட சவால் இதுதான். நீங்கள் எந்த ஆம்ப்ளிஃபயரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், விலை எதுவானாலும் பரவாயில்லை. எனக்கு 48 மணி நேரம் கொடுங்கள். என்னுடைய 700 டாலர் டிரான்சிஸ்டர் ஆம்பை அதைப் போலவே ஒலிக்கச் செய்கிறேன். உங்கள் காதால் பிரித்துச் சொல்ல முடிந்தால் நான் தோற்றேன்.

கவனியுங்கள், என் ஆம்ப் உங்களுடையதைவிட உயர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. எல்லா ஆம்பும் ஒன்றே என்றும் சொல்லவில்லை. வேறுபாடு இருக்கிறது, ஆனால் அது நகலெடுக்கக்கூடியது, அதற்கு மந்திரம் தேவையில்லை என்றார். இந்த வரியைத் தவறவிட்டால் கதையே மாறிவிடும்.

சவாலை ஏற்றது ‘ஸ்டீரியோஃபைல்’. பத்திரிகை அப்போது நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரில் இருந்தது. ஹோல்ட்டும் பதிப்பாளர் லாரி ஆர்ச்சிபால்டும் தேர்ந்தெடுத்தது, கார்வரின் ஆம்பிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நின்ற ஒன்றை: பல ஆயிரம் டாலர் விலையுள்ள, சேனலுக்குத் தனித்தனிப் பெட்டியாக வரும் வால்வு ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய கண்ணாடிக் குழாய்களால் ஓடுவது. கட்டுரையில் அதன் பெயரைச் சொல்லவில்லை. அது கான்ராட்-ஜான்சன் பிரீமியர் ஃபைவ் என்பது பின்னால் வெளியே வந்தது.

கார்வர் இரண்டு ஆம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே சிக்னலைக் கொடுத்து, கழித்தல் சோதனையில் மிஞ்சுவதைக் கேட்டுக்கொண்டே தன் ஆம்பின் உள்ளே ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் மாற்றத் தொடங்கினார். மிச்சம் குறையக் குறைய நகல் நெருங்குகிறது என்று பொருள். மிச்சம் பாட்டைவிட ஏறத்தாழ 35 டெசிபல் கீழே இறங்கியபோது முதல் முறை கேட்கக் கொடுத்தார். ஹோல்ட்டும் ஆர்ச்சிபால்டும் வேறுபாட்டைப் பிடித்துவிட்டார்கள். கார்வர் திரும்பப் போய் சால்டரிங் அயர்னைப் பிடித்தார். மிச்சம் 70 டெசிபல் கீழே போன பிறகு மறுபடி கேட்டார்கள். இந்த முறை பிடிக்க முடியவில்லை. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. 1985 அக்டோபர் இதழில் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுதினார்கள். அதற்கு ஒரு சபாஷ் போடலாம்; பத்திரிகையின் பிழைப்பே ஆம்புக்கு ஆம்ப் ஒலி வேறுபடும் என்பதில்தான் இருந்தது.

அந்த 35இல் என்ன இருந்தது

எல்லோரும் 70 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு 35தான் சுவாரஸ்யம். 35 டெசிபல் கீழே என்றால் சுமார் 1.8 சதவீதம். ‘ஆக, 1.8 சதவீத டிஸ்டார்ஷன் வித்தியாசம் காதுக்குக் கேட்டிருக்கிறது’ என்று முடிவுகட்டத் தோன்றும். அங்கேதான் சறுக்கல்.

கழித்தலில் மிஞ்சுவது எல்லாம் திரிபு இல்லை. ஒரு ஆம்ப் மற்றதைவிட 0.1 டெசிபல் சத்தமாக இருந்தாலே போதும், மிச்சம் 39 டெசிபலுக்குக் கீழே இறங்காது. ஒலியலை வெறும் 1 பாகை முன்பின்னாக வந்தால் 35 டெசிபலோடு நின்றுவிடும். இரண்டிலும் துளி டிஸ்டார்ஷன் இல்லாவிட்டாலும் இதே கதிதான். வீட்டில் சாதாரண ஒலியளவில் கேட்கும்போது ஆம்ப் கொடுப்பது பெரும்பாலும் சில வாட்டுகள்தான். அந்த அளவில் ஒழுங்காகச் செய்த வால்வு ஆம்பின் திரிபு, அதன் முழுத் திறனில் வருவதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். எனவே அந்த 1.8 சதவீதத்தில் பெரும்பங்கு வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

எங்கிருந்து? வால்வு ஆம்பின் பின்பக்கத்திலிருந்து. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கிறது. வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பிப் பிசகைத் திருத்தும் பின்னூட்டமும் டிரான்சிஸ்டர் ஆம்பில் இருப்பதைப் போல அதிகமாகப் போட முடியாது. விளைவு, அதன் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது மின்னோட்டம் வெளியேறும் வாசலில் உள்ள தடை, அதிகம். 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் இது 0.05 ஓம் போல இருக்கும்.

ஸ்பீக்கரின் முதுகில் ‘8 ஓம்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. அது சராசரியாக ஒட்டப்பட்ட எண். நிஜத்தில் சுருதிக்குச் சுருதி அது மாறும். ஓர் இடத்தில் 4 ஓம், இன்னோர் இடத்தில் 20 ஓம். இப்போது கணக்குப் போடுங்கள். வெளியீட்டில் 1 ஓம் உள்ள ஆம்ப், ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் 1.9 டெசிபல் இழக்கிறது, 20 ஓமாக இருக்கும் இடத்தில் 0.4 டெசிபல்தான் இழக்கிறது. நடுவே 1.5 டெசிபல் ஏற்ற இறக்கம். டிரான்சிஸ்டர் ஆம்பில் அதே இரண்டு இடங்களுக்கும் நடுவே வித்தியாசம் 0.1 டெசிபலைக்கூடத் தொடாது.

1.5 டெசிபல் என்பது பழகிய காதுக்கு மட்டுமல்ல, ஓரளவு கவனமாகக் கேட்கும் யாருக்கும் எட்டும். அதை அவர்கள் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று சொல்ல மாட்டார்கள். குரலில் ஒரு கதகதப்பு இருக்கிறது, அடித்தொனி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மேலே மென்மையாக இருக்கிறது என்பார்கள். ‘வால்வு ஒலி’ என்று விற்கப்படும் சரக்கில் பெரும்பகுதி, யாரும் திருப்பாமலேயே திரும்பி நிற்கும் ஒரு டோன் கன்ட்ரோல். அதுவும் ஸ்பீக்கரை மாற்றினால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் டோன் கன்ட்ரோல். கார்வர் செய்த மாற்றங்களில் முக்கியமானது தன் ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பை உயர்த்தியது. ஒரு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பை வேண்டுமென்றே அந்த விஷயத்தில் கெடுத்தார் என்றும் சொல்லலாம்.

அந்த 70 டெசிபலையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அத்தனை ஆழம் இறங்க இரண்டு ஆம்பின் ஒலியளவும் 0.003 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். அலைகளின் கட்டம், அதாவது அவை முன்பின்னாக வரும் அளவு, 0.02 பாகைக்குள் நிற்க வேண்டும். 20,000 ஹெர்ட்ஸில் அது ஒரு நொடியின் நூறு கோடிப் பங்கில் இரண்டரை மூன்று பங்கு. கேட்கும் வீச்சு முழுவதும் கையால் ரெசிஸ்டர் திருகி இதைச் சாதிக்க முடியாது. இசையின் சக்தி பெரும்பாலும் கீழ், நடுச் சுருதிகளில்தான் குவிந்திருக்கும் என்பதால், அங்கே ஒத்துப்போனாலே மிச்சம் வெகுவாகக் குறைந்து காட்டும். எண் எதுவானாலும் ஒரு விஷயம் நிற்கும்: கழித்தலில் மிச்சம் காணாமல் போனால் காதுக்கும் வேறுபாடு காணாமல் போகும். மறுபக்கம் அப்படி இல்லை. மிச்சம் நிறைய இருந்தால் அது கேட்கக்கூடியதா என்பதைக் கழித்தல் சொல்லாது. ஒரு பாகைக் கட்ட வேறுபாட்டை எந்தக் காதும் கண்டுகொள்ளாது, கழித்தல் கருவியோ அதைப் பார்த்து அலறும்.

அப்படியானால் டிஸ்டார்ஷன்?

இங்கே கொஞ்சம் தம்பூராவிடம் போவோம். சட்ஜத் தந்தியை மீட்டிக் காதைக் கொடுத்தால் சட்ஜம் மட்டும் கேட்பதில்லை. மேல் சட்ஜம், அதற்கு மேல் பஞ்சமம், இன்னும் கவனித்தால் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம். இவை முறையே 2, 3, 5ஆம் ஹார்மோனிக்குகள். ஆம்ப்ளிஃபயர் செய்யும் திரிபும் இதே குடும்பம்தான்: உள்ளே போன சுருதியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று, கேட்காமலே சேர்த்துக் கொடுக்கிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கொஞ்சம் கூட்டினால் இசையே அதை விழுங்கிவிடும். ஏற்கனவே அங்கே இருப்பதுதானே. அதோடு, உரத்த ஒலி தனக்குச் சற்று மேலே உள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும் குணம் நம் காதுக்கு உண்டு. ஏழாவது, ஒன்பதாவது எல்லாம் வேறு கதை. ஏழாவது எந்த ஸ்வரத்தின் மேலும் சரியாக உட்காராது. மறைக்கும் ஒலியிலிருந்தும் வெகுதூரம் தள்ளி நிற்கும். சோற்றில் கல் போல நறுக்கென்று அகப்படும்.

இது 1950இலேயே தெரிந்த சங்கதி. பிபிசியின் டி. இ. எல். ஷார்ட்டர், ஹார்மோனிக்குகளை அப்படியே கூட்டி ஒரு சதவீதமாகச் சொல்வது காதுக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, ஒவ்வொன்றையும் அதன் எண்ணின் வர்க்கத்தில் கால் பங்கால் பெருக்கச் சொன்னார். அவர் கணக்கில் இரண்டாவதற்கு எடை 1, மூன்றாவதற்கு 2.25, ஏழாவதற்கு 12.25. தொழில்துறை அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்றும் ஆம்ப் பெட்டியின் மேல் அச்சாகும் ‘மொத்த ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்’ எண், கல்லையும் அரிசியையும் ஒரே தராசில் நிறுத்துக் காட்டும் எண்தான்.

இதற்கு விலை கொடுத்தது 1960களின் ஆரம்ப டிரான்சிஸ்டர் ஆம்ப்கள். அலை ஒரு டிரான்சிஸ்டரிடமிருந்து மற்றதற்குக் கைமாறும் புள்ளியில், பூஜ்ஜியத்தை ஒட்டி, ஒரு சிறு பல் விழும். கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்று பெயர். முழுத் திறனில் அளந்தால் எண் அழகாக வரும், ஏனென்றால் பெரிய அலையில் அந்தப் பல் சிறியது. மெதுவாகப் பாடும் இடத்தில் அலை சுருங்கும், பல் சுருங்காது. போதாக்குறைக்கு அது உண்டாக்குவது உயர் வரிசை ஹார்மோனிக்குகள். காகிதத்தில் வால்வைவிடச் சுத்தம், காதில் கரகரப்பு. அன்றைக்குக் காதுகள் சொன்னது சரி, ஸ்பெக் ஷீட் சொன்னது பாதி உண்மை. ஹோல்ட் போன்றவர்கள் மீட்டரை நம்பாமல் போனதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றால் அதில் வியப்பில்லை.

ஆனால் அதே அவநம்பிக்கை, பழுது நீங்கிய பிறகும் நீங்கவில்லை. பின்னால் வந்த வடிவமைப்புகளில் அந்தப் பல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1978இல் குவாட் நிறுவனம் தன்னுடைய மூன்று ஆம்ப்களை, அதாவது 1950களின் வால்வு மாடல் குவாட் டூவையும், 303, 405 என்ற இரண்டு டிரான்சிஸ்டர் மாடல்களையும் விமர்சகர்கள் உள்ளிட்ட ஒரு குழுவின் முன் வைத்தது. ஜேம்ஸ் மோயர் நடத்திய சோதனை. எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கவைத்தபோது கிடைத்த விடைகள் பூவா தலையா போட்டது போலத்தான் இருந்தன. 1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ வெளியிட்ட சோதனையில் சில நூறு டாலர் ரிசீவரிலிருந்து பன்னிரண்டாயிரம் டாலர் வால்வு ஆம்ப் வரை ஆறு ஆம்ப்கள். கேட்டவர்கள் 25 பேர், அவர்களில் வேறுபாடு உண்டென்று நம்புகிறவர்களும் இருந்தார்கள். முடிவு அங்கேயும் அதே பூவா தலையா.

வழக்கில் உள்ள ஓட்டைகள்

சாண்டா ஃபே சோதனையை ஆய்வகச் சோதனை என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். போடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் எது எது என்று தெரியாத இரட்டை மறைப்பு முறையும் அங்கே நடக்கவில்லை. அந்த முறைக்கான கருவி அப்போதே இருந்தது. டேவிட் கிளார்க்கும் அவர் நண்பர்களும் செய்த ஏபிஎக்ஸ் கம்பேரேட்டர். அதில் ஏ ஒன்று, பி ஒன்று, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடக்க நூற்றுக்கு நான்குதான் வாய்ப்பு. ஒலியளவை 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்திவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். துளி உரத்தது எப்போதும் ‘தெளிவாக’ இருப்பதாகத் தோன்றும் என்பது இதில் ஈடுபட்ட எல்லோருக்கும் பட்டுத் தெரிந்த விஷயம்.

ஆனாலும் கார்வர் சோதனையின் பலவீனமே ஒரு விதத்தில் அதன் பலம். பெயர் தெரிந்தால் மனம் வேறுபாட்டைக் கற்பனை செய்யும் என்பதுதான் மறைக்காமல் கேட்பதற்கு எதிரான வாதம். இங்கே கேட்டவர்கள் வேறுபாட்டை விரும்பியவர்கள், கார்வர் தோற்க வேண்டும் என்று நினைத்தவர்கள், பழக்கப்பட்ட அறையில் அவசரமில்லாமல் கேட்டவர்கள். பிளைண்ட் டெஸ்டுகளின் மேல் வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு எதுவும், அதாவது பதற்றம், அவசரம், பழகாத கருவி என்று எதுவும் இங்கே ஒட்டாது. அப்படியும் பிடிபடவில்லை. அதற்கும் முக்கியம், 35இல் பிடித்தார்கள். காது மழுங்கிய ஆட்கள் என்று அவர்களைத் தள்ளிவிட முடியாது. பிடிக்க இருந்ததைப் பிடித்தார்கள், அது போனதும் விட்டார்கள்.

பெட்டிக்குள் போட்டு விற்றபோது

இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கார்வர் அந்த மாற்றங்களை உற்பத்திக்குக் கொண்டுபோய், எம்-1.0டி என்று கடைக்கு அனுப்பினார். பெயரில் வரும் ‘டி’ ஆங்கிலத்தில் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைக் குறிப்பது; உள்ளே போகும் சிக்னலுக்கும் வெளியே வருவதற்கும் உள்ள உறவு என்று வைத்துக்கொள்ளலாம். விளம்பரங்களில் சாண்டா ஃபே கதை பெரிதாக வந்தது. 1987இல் ‘ஸ்டீரியோஃபைல்’ கடையில் விற்கும் எம்-1.0டியை அதே வால்வு ஆம்போடு ஒப்பிட்டுப் பார்த்தது. கழித்தலில் மிச்சம் முப்பது சொச்சம் டெசிபலில் நின்றது. இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை என்று எழுதினார்கள். கார்வருக்குக் கோபம். நீண்ட சண்டை.

எண்களை வைத்துப் பார்த்தால் யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நகலைக் கையால், ஒரே ஒரு மூலத்துக்கு எதிரே வைத்து, சில நாட்களில் திருகிப் பொருத்துவது ஒன்று. சில சதவீதம் முன்பின் இருக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்களை வைத்து ஆயிரக்கணக்கில் செய்வது வேறொன்று. வால்வு ஆம்புக்கு இது இன்னும் பொருந்தும். வால்வு தேயும் பொருள். அதை ஓட்டும் அடிப்படை மின் அமைப்பான பயாஸ் நகரும், வால்வைப் புதிதாக மாற்றினால் வேறு குணம் வரும். ஒரே நாளில் ஒரே பெஞ்சில் செய்த இரண்டு பிரீமியர் ஃபைவ்களை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்திருந்தால் 70 டெசிபல் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மூலமே தன்னோடு ஒத்துப்போகாத அளவுக்கு நகல் மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டன. அந்த முப்பது சொச்சம் டெசிபலில் எவ்வளவு கேட்கக்கூடிய சுருதி ஏற்ற இறக்கம், எவ்வளவு கேட்காத கட்ட வேறுபாடு, எவ்வளவு திரிபு என்று பிரித்துப் பார்த்திருந்தால் அந்தச் சண்டையில் இருந்து உருப்படியாக ஏதாவது கிடைத்திருக்கும்.

ஹோல்ட் தன் கடைசிக் காலத்தில், 2007இல், அவர் தொடங்கிய பத்திரிகையின் பக்கங்களிலேயே ஒரு பேட்டி கொடுத்தார். மறைத்துக் கேட்கும் நேர்மையான சோதனைகளுக்கு உட்பட மறுத்ததால் உயர்ரக ஆடியோ உலகம் வெளியே மதிப்பிழந்துவிட்டது என்று அதில் வருத்தப்பட்டார். காதால் கேட்டு விமர்சிப்பதைத் தொடங்கிவைத்தவர் சொன்னது இது.

கார்வரின் பக்கம் வேறு வேடிக்கை. வால்வு ஒலியை 700 டாலர் டிரான்சிஸ்டர் பெட்டியில் கொண்டுவர முடியும் என்று காட்டிய மனிதர், எண்பதுகளின் இறுதியில் சில்வர் செவன் என்று மாபெரும் வால்வு ஆம்ப் ஒன்றைச் செய்தார். ஜோடி விலை பதினேழாயிரம் டாலருக்கு மேல். பிறகு அதன் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனையும் நகலெடுத்து, அதே பெயருக்குப் பின்னால் ஒரு ‘டி’ சேர்த்து, டிரான்சிஸ்டர் ஆம்பாக அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு விற்றார்.